விசாலம் அக்காவுக்கு, மாறிப்போன குழலைப் பற்றி

என் பிரியத்துக்குரிய விசாலம் அக்கா,

இந்தப் புதுக் குழல் என் பேச்சைக் கேட்கவே மாட்டேன் என்கிறது. நானும் முட்டி மோதிப் பார்க்கிறேன். ஊதினால் புஸ்ஸென்று காற்றுதான் வருகிறது. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ, அவன் என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"புதுக் குழலா? அப்ப என் குழல் எங்க?" என்று கேட்பீர்கள். கேட்கத்தானே வேண்டும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். இருந்த நாளில் ஒருதரம்கூட என்னை முழுசாகப் பேசவிட்டதில்லை, இப்போதாவது விடுங்கள்.

நம்மைத் தெரியாதவர்கள் இதைப் படித்தால், ஒரு மூங்கில் குழலுக்கா இத்தனை அழுகை என்பார்கள். அவர்களுக்காகத் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

ஹட்டன் டவுனில் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் புல்லாங்குழல் வகுப்பு நடக்கும். என் மகளை அதில் சேர்த்துவிட்டேன். கொஞ்ச நாள் போனாள், அப்புறம் "வாய் வலிக்குதும்மா" என்று ஒரே அழுகை. குழல் அலுமாரி மேலே கிடந்தது. வாங்கின பொருள் சும்மா கிடந்தால் எனக்குப் பொறுக்காது, உங்களுக்குத் தெரியும். நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறவள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். நாற்பது தாண்டிய இந்தப் பாக்கியம், மகளுடைய குழலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அங்கே பார்த்தால் கடைசி வரிசையில் நீங்கள். பஸாரில் புடவைக்கடை வைத்திருக்கிற முதலாளியின் சம்சாரம். தீபாவளிக்கு நாங்கள் குடும்பத்தோடு வந்து துணி எடுக்கிற கடை. உங்களைக் கண்டதும் கை தானாகக் கும்பிட்டது, பக்கத்தில் உட்கார மனம் துணியவில்லை.

"என்ன புள்ள, நட்ட மரமாட்டம் நிக்கிற? இங்க நீயும் பெயிலு, நானும் பெயிலு. உக்காரு" என்று பாயைத் தட்டினீர்கள். உட்கார்ந்தேன்.

சொல்லிக்கொடுக்கிற பிரகாஷ் சேருக்கு உங்கள் கடைசிப் பிள்ளையின் வயதுகூட இருக்காது. நம் இரண்டு பேரையும் திட்டவும் முடியாமல், சும்மா விடவும் முடியாமல் அந்த மனுசன் பட்ட பாடு! முன்வரிசைப் பொடிசுகள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். உங்கள் நாத்தனார், அதுதான் முதலாளியின் அக்கா, "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமாக்கும்?" என்று கேட்டாராம். "நான் வளையப் போகல மதினி, ஊதத்தான் போறேன்" என்றீர்களாம். இதைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கிற லயம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

என்னுடையது சின்னப் பிள்ளைகள் ஊதுகிற குட்டைக் குழல். கீச்சென்று கத்தும். உங்களுடையது நீளக் குழல். அதற்கு விரலும் எட்ட வேண்டும், நெஞ்சு நிறைய மூச்சும் வேண்டும். சேர் எத்தனை சொல்லியும் நீங்கள் கேட்கவில்லை. "குருவி மாதிரி கத்துறதுக்கா சேர் இந்த வயசுல வந்தேன்? அடிவயித்துலருந்து வரணும்" என்றீர்கள். சொன்னபடியே வந்தது. ஒரே வருசத்தில் நீங்கள் ஊதினால் மண்டபத்துத் தூணும் அதிர்கிறதா என்று கை வைத்துப் பார்க்கத் தோன்றும்.

உங்கள் வீட்டில் முன்னால் கடை, பின்னால் குசினி, நடுவில் ஒரு திரைச்சீலை. சோறு வெந்துகொண்டிருக்கும்போது நீங்கள் குசினியில் உட்கார்ந்து ஊதுவீர்கள். முதலாளி அந்தப் பக்கம் துணி கிழித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாளும் ஊதாதே என்று சொன்னதில்லை. ஒருநாளும் திரையை விலக்கிப் பார்த்ததும் இல்லை. "இந்த மனுசன் ஒருநா வந்து, இதுல எத்தன ஓட்ட இருக்குன்னு கேட்டிருப்பாரா புள்ள?" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டீர்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எல்லா வீட்டிலும் உள்ளதுதானே என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் உங்களுக்கு மூச்சிரைப்பு வந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரி, பிறகு கண்டி, பிறகு வீடு. வகுப்பு முடிந்து பின்வாசல் வழியாக உங்களைப் பார்க்க வருவேன். உங்கள் நாத்தனார் எனக்குத் தேத்தண்ணி கொடுப்பார், குடித்துவிட்டு வீசுகிற பேப்பர் கப்பில். மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை. நீங்கள் அதைக் கவனித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கோபப்பட்டால் மூச்சு வாங்குமே என்று நான் வேறு பேச்சை எடுப்பேன்.

ஒருநாள் தலையணையில் சாய்ந்தபடி என் கையைப் பிடித்தீர்கள்.

"பாக்கியம், என் குழல் என்னத் தோக்கடிக்குது புள்ள. பாதி ஊதுறதுக்குள்ள கண்ணு இருட்டுது. ஒன்னோடதக் குடு. அதுக்குக் கொஞ்சங் காத்து போதும். என்னோடத நீ கொண்டுபோ."

நான் என் குழலை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்க போற?"

"கழுவிட்டு வாறேங்கக்கா. என் எச்சி பட்டது..."

"மூங்கில தண்ணியில நனைக்காதீங்கன்னு சேர் தலபாடா அடிச்சிக்கிட்டாரே, ஒனக்கு ஏறவேயில்லையா? கொண்டா இப்பிடி. ஒன் எச்சியால எனக்கு என்ன, இனிமேத்தான் சீக்கு வரப்போகுதா?"

வாங்கித் துடைக்காமலே உதட்டில் வைத்தீர்கள். ஸ, ரி, க, ம. நாலு சுரம் ஊதிவிட்டு, என்னவோ பெரிய கச்சேரி முடித்தவர் போலச் சிரித்தீர்கள். அறையில் நம் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. நாத்தனார் கடைப்பக்கம் இருந்தார். முதலாளி எப்போதும்போலத் திரைக்கு அந்தப் பக்கம்.

அக்கா, நீங்கள் போன அன்றைக்கு நான் கூட்டத்தோடு நின்றேன். பெட்டியில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். முதலாளி உள்ளே போய், தலைமாட்டில் கிடந்த குழலை எடுத்துவந்து உங்கள் வலது கைப்பக்கம் வைத்தார். "அவளுக்குப் புடிச்சது இது ஒன்னுதான்" என்று சொல்லிக்கொண்டே வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். என் மகள் ஒட்டின பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் பாதி உரிந்து அதில் அப்படியே இருந்தது.

வாய் திறந்தேன். என்னவென்று சொல்ல? அந்த வீட்டில், அந்த நேரத்தில், "மொதலாளி, அது என்னோட குழல்" என்று எவள் சொல்வாள்? இன்னொன்றும் சொல்கிறேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோசம். என்னைத்தான் கூட்டிக்கொண்டு போகவில்லை, என் குழலாவது கூடப் போகட்டுமே. பட்டாம்பூச்சியோடு சேர்த்துத்தான் உங்களை எரித்தார்கள். சாம்பலை றொசல்லப் பக்கம் ஆற்றில் கரைத்தார்கள்.

உங்கள் குழல் என் வீட்டில் இருந்தது. கொஞ்ச நாள் அதைத் தொடவே பயம். பிறகு ஒரு மத்தியானம், பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் பால் குடித்துவிட்டுக் கிடந்த நேரம், எடுத்து வாயில் வைத்தேன். ஒன்றுமே வரவில்லை அக்கா. வெறும் பெருமூச்சு. என் குட்டைக் குழலில் சர்வசாதாரணமாக ஊதினவள், இதில் ஒரு ஸ எடுக்க முடியாமல் தவித்தேன். விரலை நீட்டினால் மணிக்கட்டு இழுத்துக்கொள்ளும். மோதிரவிரல் ஓட்டையை மூடினால் நடுவிரல் நழுவும். எங்கேயோ ஒரு மயிரிழை திறந்திருந்தால் போதும், கீழ்ச் சுரம் எல்லாம் செத்துப்போகும்.

குழல்தான் சரியில்லை என்று வீட்டில் புலம்பினேன். எங்கள் வீட்டுக்காரர் விடுவாரா? "ஆடத் தெரியாதவ கூடங் கோணலுன்னாளாம்" என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக்கொண்டார்.

பிரகாஷ் சேரிடம் கொண்டுபோனேன். குழலைக் கையில் வாங்கின உடனேயே அது யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அக்கா, நீங்க பழைய குழலுக்கு ஊதுற காத்தையே இதுக்கும் ஊதுறீங்க. இது வேற ஆளு. உதட்டக் கொஞ்சம் தளத்துங்க. வெரட்டாதீங்க, மெல்ல விடுங்க. காலையில குளிர்ல எடுத்த உடனே ஊதாதீங்க, சத்தம் எறங்கிப்போகும். மொதல்ல கம்பளிக்குள்ள வச்சிச் சூடு காட்டுங்க."

அப்படியே செய்தேன். பனிமூட்டம் இறங்குகிற காலையில் உங்கள் குழலைச் சுவெட்டருக்குள் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலைக்கு நடப்பேன். பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு நிற்கிற பெண்கள், "என்ன பாக்கியம், ஒடம்பு சூடு பாக்குறியா?" என்று கேலி பண்ணுவார்கள். பண்ணிவிட்டுப் போகட்டும்.

மெல்ல மெல்ல ஒரு விசயம் கண்டுபிடித்தேன். வாய் வைக்கிற ஓட்டையின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் மூங்கில் வழவழப்பாகக் கறுத்திருந்தது. உங்கள் கீழுதடு இருந்த இடம். நான் என் இஷ்டத்துக்கு வேறு பக்கம் வைத்து ஊதிக்கொண்டிருந்தேன். அங்கே கொண்டுபோய் உதட்டை வைத்தேன். சத்தம் வந்தது. கனத்த, உங்கள் சத்தம். தொட்டிலில் சிணுங்கிக்கொண்டிருந்த ஒன்று கப்சிப் என்று அடங்கியது. என் குட்டைக் குழலை ஊதினால் அத்தனை குழந்தைகளும் வீலென்று எழும்பும் என்று நாம் சிரித்தது நினைவிருக்கிறதா? உங்கள் குழலுக்குத் தூங்கிப்போயின.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. மழையோ வெயிலோ, தினமும் ஊதுவேன். விரல் மூட்டு வீங்கினாலும் விடமாட்டேன். ஊர் உலகம் நீங்கள் செத்துப்போனீர்கள் என்றது. எனக்கு அப்படி இல்லை. உங்களோடு பேசவேண்டும் என்றால் உதட்டை அந்த இடத்தில் வைத்தால் போதும். கடைசியில் எல்லா ஓட்டையும் மூடி ஊதுகிற கீழ்ப் பஞ்சமமும் வந்துவிட்டது. வந்த அன்றைக்கு ஓவென்று அழுதேன். சத்தியமாகச் சொல்கிறேன், உங்கள் சாவுக்குக்கூட அப்படி அழவில்லை.

நவராத்திரிக்குக் கோயிலில் வகுப்புப் பிள்ளைகள் வாசித்தார்கள். சேர் என்னையும் உட்காரவைத்தார். சின்னதாக ஒரு கீதம்தான், நான் கீழ்ச் சுரத்தில் நின்று தாங்கிப் பிடிக்கவேண்டியது. முடிந்து, வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் முதலாளி வந்து நின்றார்.

"பாக்கியம், அது யாரோட குழல்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அக்காவோடதுங்க மொதலாளி."

"அவளோடத நாந்தானேம்மா எங்கையால வச்சேன்?"

"நீங்க வச்சது என்னோடதுங்க. அக்காவுக்கு மூச்சு பத்தலைன்னு கடைசியா மாத்திக்கிட்டோம்."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "சத்தங் கேட்ட உடனே அவதான்னு திரும்பிப் பாத்தேன்" என்றார். "இத்தன வருசம் கேட்டேன். குட்டையா நெட்டையான்னு ஒருநா எந்திரிச்சிப் போயிப் பாத்திருந்தா இந்தப் பெசகு வந்திருக்குமா?"

உங்கள் குறையை நான் காதால் கேட்டவள். அதை அவர் வாயாலேயே கேட்க நேர்ந்துவிட்டது. ஜோடி செருப்பில் ஒன்றுதான் கிடைத்திருந்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வருசத் திவசம் நெருங்கியது. ஒருநாள் காலை முதலாளி எங்கள் தோட்டத்துக்கே வந்துவிட்டார். அவர் லயத்துப் பக்கம் ஏறி வந்து நான் கண்டதில்லை. படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு, பிள்ளைக்காம்பரா வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். வந்த காரியத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். உங்கள் குழலை உங்கள் சாம்பல் போன ஆற்றிலேயே விட்டுவிட வேண்டுமாம். செத்தவள் பொருள் செத்தவளுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அவள் பாதி வழியில் நிற்பாள் என்று உங்கள் நாத்தனார் சொல்லிவிட்டாராம். "லயத்து ஆளு வாய வச்சத இனி வீட்டுக்குள்ள வைக்கவும் முடியாது" என்றும் சொல்லியிருப்பார். அதை முதலாளி என்னிடம் சொல்லவில்லை, ஆனாலும் எனக்குக் கேட்டது.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ!

"குடுக்க மாட்டேங்க" என்றேன். "ஒருநாளும் எட்டிப் பாக்காத மனுசன் இன்னைக்கு வந்து கேட்டா எப்பிடிங்க? நான் வெரல் வீங்கி வீங்கிப் பழகுனது. அவங்க அதுலதாங்க இருக்காங்க. தண்ணியில விட்டா எனக்கு யாரு இருக்கா?"

கடை முதலாளியிடம் ஒரு தோட்டத்துப் பொம்பளை பேசுகிற பேச்சா அது? அவர் கோபித்திருந்தால் நானும் இன்னும் நாலு வார்த்தை விட்டிருப்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் அவள வெறுங்கையா அனுப்பிட்டேம்மா."

"வெறுங்கையாப் போகலைங்க மொதலாளி. அது அவங்களே கேட்டு வாங்குனது. கடைசியா ஊதுனது அதத்தான்."

"அது ஒனக்குத் தெரியும். நீ பக்கத்துல இருந்த. எனக்கு என்ன தெரியும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பலவந்தமில்ல. ஒனக்கு மனசு வந்தாக் கொண்டுவா. வரலைன்னா நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன்."

பலவந்தம் பண்ணியிருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும்! என் கையில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சேரிடம் கேட்டேன். "குழல் போனா வேற குழல் இருக்கு அக்கா. பழகுன கை ஒங்களோடதுதானே" என்றார். சின்ன வயசு, அவருக்கு என்ன தெரியும் என்று வந்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஃபாக்டரி வேலை முடிந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீயாச்சும் அந்த அம்மாகூடப் பக்கத்துல பாய் போட்டு உக்காந்த. செத்த பெறகும் ஒரு வருசம் மடியில வச்சிக்கிட்டிருந்த. அந்தாளு ஒரே வீட்டுல இருந்தும் என்னத்தக் கண்டாரு? அவருக்குன்னு செய்யிறதுக்கு இது ஒன்னுதானே மிச்சம்?"

நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சரியானதைச் சொல்கிறவன்மேல்தான் நமக்குக் கோபம் வருகிறது, என்ன செய்ய.

திவசத்தன்று காலை போனேன் அக்கா. போவதற்கு முன்னால் கடைசியாக ஒருதரம் ஊதலாம் என்று எடுத்தேன். உதட்டை வைத்தேன். ஊத முடியவில்லை. அப்படியே சேலைத்துண்டில் சுற்றிக்கொண்டேன்.

ஆற்றங்கரையில் முதலாளி, நாத்தனார், பூசாரி ஐயா, நான். பூசை முடிந்து முதலாளி தண்ணீரில் இறங்கிக் குழலை விட்டார். கொஞ்ச தூரம் போனது. கல்லில் தட்டிச் சுற்றிக்கொண்டு திரும்பக் கரைக்கே வந்தது. மறுபடி விட்டார். மறுபடி வந்து அவர் முழங்காலில் இடித்துக்கொண்டு நின்றது.

"ஒரு கல்லக் கட்டி விடுங்க" என்றார் பூசாரி.

"கல்லக் கட்ட மாட்டேன்" என்றார் முதலாளி. குழலைத் தண்ணீரிலிருந்து கையில் எடுத்துக்கொண்டார்.

"அவளுக்கு இஷ்டமில்ல போலருக்கு. கோவம் தீரல" என்று கரையிலிருந்து நாத்தனார் சொன்னார். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். வேட்டி நனைந்து, பிள்ளையைத் தொலைத்தவர் முகம் மாதிரி. "கோவமாத்தான் இருக்காளா பாக்கியம்?" என்று கேட்டார். மெய்யாகவே கேட்டார். நான் ஆமாம் என்றால் அந்த மனுசன் செத்த பிறகும் நம்பிக்கொண்டிருப்பார்.

"அக்காவுக்கு ஆத்தோட போக விருப்பமில்லைங்க, குடுங்க, நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன்" என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். குழல் இன்றைக்கு என் கையில் இருந்திருக்கும். அந்த ஒரு நிமிசம் எனக்கு அந்த ஆசை வந்தது அக்கா, மறைக்கமாட்டேன்.

"கோவமெல்லாம் இல்லைங்க மொதலாளி" என்றேன். "உள்ள காத்து இருக்கு. அதான் மெதக்குது. ஒரு பக்கம் அடச்சிருக்குல்லீங்க, காத்து சும்மா வெளிய வராது."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். ஐஸ்போலக் குளிர். அவர் கையிலிருந்து வாங்கினேன். வாய் வைக்கிற ஓட்டை மேலே வரும்படி சாய்த்து, தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தேன். எந்த மூங்கிலைத் தண்ணீர் படாமல் ஒரு வருசம் காப்பாற்றினேனோ, அதை.

உங்கள் உதடு இருந்த அந்த ஓட்டை வழியாகக் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. இந்தச் சின்ன மூங்கிலுக்குள் இத்தனை காற்றா என்று நினைத்தேன். என் விரல்கள் தன்னாலே ஓட்டைகளை மூடப் போயின, பழக்கதோசம். ஒவ்வொன்றாக எடுத்தேன். பிறகு குமிழி சின்னதாகி, ஒன்று, இன்னொன்று, நின்றுபோனது.

அந்த நிமிசத்தில்தான் அக்கா, நீங்கள் எனக்குச் செத்துப்போனீர்கள்.

கையை எடுத்தேன். குழல் தண்ணீருக்கு மேலேயும் வராமல் அடிக்கும் போகாமல், கொஞ்சம் ஆழத்திலேயே நீளமாகப் படுத்துக்கொண்டு, கல்லைச் சுற்றி, வளைவுவரை தெரிந்தது. பிறகு தெரியவில்லை. முதலாளி வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். எங்கள் இரண்டு பேரில் யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் தண்ணீரிலேயே நின்றோம்.

அப்புறம்தான் சேர் இந்தப் புதுக் குழலைக் கொண்டுவந்து கொடுத்தார். நீளமும் இல்லை, குட்டையும் இல்லை, நடுத்தரம். எண்ணெய் வாசமும் பச்சை மூங்கில் வாசமும் அடிக்கிறது. விளிம்பு எல்லாம் கூராக இருக்கிறது, உதட்டை எந்தப் பக்கம் வைத்தாலும் வழுக்குகிறது. விரல் பழைய இடத்தைத் தேடிப் போய், ஓட்டை இல்லாத இடத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறது. எத்தனை தரம் தேடினாலும் கறுத்த இடம் ஒன்றும் இதில் இல்லை. யாரும் ஊதினதில்லையே, எப்படி இருக்கும்?

நேற்று மழை விட்ட நேரம் ஒரு ஸ வந்தது. உங்கள் சத்தம் மாதிரி இல்லை. என் பழைய கீச்சுச் சத்தமும் இல்லை. கொஞ்சம் கரகரப்பாக, யாரோ புது ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. யார் அது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நான் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. இந்தக் குழலில் உங்களைத் தேடமாட்டேன். தேடினால் நானும் பழகமாட்டேன், இதுவும் பழகாது. உங்களுக்காக அழவேண்டும் என்றால் குழலைக் கீழே வைத்துவிட்டு அழுகிறேன். ஊதும்போது ஊதுகிறேன்.

இப்படிக்கு,
உங்களைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்த தங்கச்சி,
பாக்கியம்